"கூத்தே, மதாம், கூத்தே!" – ஜான்-டலோன் சந்தையில் மனோரமா ஆச்சியை நினைத்த ஒரு சனிக்கிழமை

ஜான்-டலோன் சந்தையில் பழம் விற்கிறவர்கள் பீச்சையும் அப்பிளையும் துண்டு துண்டாக வெட்டித் தட்டில் வைத்துக்கொண்டு, போகிற வருகிற எல்லோரையும் கூப்பிடுவார்கள்: "கூத்தே, மதாம், கூத்தே!" பிரெஞ்சில் அதற்கு 'ருசி பாருங்கள்' என்று அர்த்தம். என் அம்மாவுக்கு மட்டும் அது முப்பது வருஷத்துக்கும் மேலாகக் கூத்துத்தான். "ஓம் தம்பி, எல்லாம் கூத்துத்தான்" என்று தமிழிலேயே பதில் சொல்லுவார். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு அடுத்த கடைக்கு நடப்பார். கடைக்காரருக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் சிரிப்பார்.

செப்டெம்பர் கடைசிச் சனிக்கிழமை நாங்கள் மூன்று பேரும் போனோம். அம்மா, நான், என் பதின்மூன்று வயது மகள். கத்தரிக்காயும் மிளகாயும் கூடை கூடையாக மலிவாகக் கிடைக்கிற நேரம் அது. பூசணிக்காய்களும் வந்து குவிந்திருந்தன. வழக்கமாகக் காரில் வாய் ஓயாமல் கதைக்கிற பிள்ளை அன்று ஒரு சொல் பேசவில்லை.

முதல் நாள்தான் பள்ளிக்கூட நாடகத்தில் அவளுக்குப் பாத்திரம் கிடைத்திருந்தது. எனக்கு நல்ல சந்தோஷம். பார்க் அவென்யூ பாலத்தடியில் சிவப்பு விளக்கில் நிற்கும்போதுதான் சொன்னாள், "நான் திங்கட்கிழமை மதாமிட்டப் போய் வேண்டாம் எண்டு சொல்லப்போறன்."

ஏன் என்று கேட்டேன். நாடகம் ஒரு சந்தையில் நடக்கிறதாம். அவளுக்குக் கிடைத்தது, பேச்சில் அக்ஸெண்ட் தெறிக்கிற ஒரு காய்கறிக்காரி. வாசித்துப் பார்க்கும்போது எல்லோரையும் அதிகம் சிரிக்க வைத்தது அவள்தானாம். அதனால்தான் ஆசிரியை கொடுத்திருக்கிறார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை.

"ஆனா அம்மா, அவை எதுக்குச் சிரிக்கிறவை? நான் நல்லா நடிச்சதுக்கோ, இல்ல என்ர முகத்தோட அந்த அக்ஸெண்ட் வந்ததுக்கோ?"

என்னிடம் பதில் இல்லை. பச்சை விளக்கு விழுந்தது.

ஐந்து அடி பின்னால்

இந்தச் சந்தை 1933இல் தொடங்கியது. இத்தாலியர்கள் குடியேறிய பகுதியின் நடுவில் இருக்கிறது. நம்மவர்கள் நிறைய இருந்த பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து அதே ஜான்-டலோன் வீதியில் கிழக்கே நடந்தாலே வந்துவிடலாம். சின்ன வயதில் நாங்கள் அப்படித்தான் வருவோம். அம்மா தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு முன்னால் போவார். நான் ஐந்து அடி பின்னால் போவேன்.

அந்த ஐந்து அடி தற்செயல் இல்லை. அம்மாவின் பிரெஞ்சு எனக்கு வெட்கமாக இருந்தது. வினைச்சொல் எல்லாம் ஒரே மாதிரி வரும். "நீ இவ்வளவு, நான் இவ்வளவு" என்று விரலைக் காட்டிப் பேரம் பேசுவார். கடைக்காரர் நெற்றியில் கை வைத்துச் சிரிப்பார். பக்கத்தில் நிற்கிறவர்களும் சிரிப்பார்கள். என்னோடு படிக்கிற யாராவது பார்த்துவிடுவார்களோ என்று நான் தக்காளிக் கடையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அன்றும் அம்மா கத்தரிக்காய்க் கூடைக்கு முன்னால் நின்று அதே நாடகத்தைத் தொடங்கினார். விலையைக் கேட்டதும் நெஞ்சில் கையை வைத்து ஒரு அடி பின்னால் சாய்ந்தார். கடைக்காரப் பெடியன் சிரித்தான். என் மகள் முகத்தைத் திருப்பினாள். முப்பது வருஷத்துக்கு முந்தைய என்னையே பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

கூடையோடு திரும்பி வந்த அம்மா பேத்தியின் முகத்தைப் பார்த்தார். "என்ன குஞ்சு, என்ன நடந்தது?" என்றார். மகள் பாதி பிரெஞ்சு, பாதி தமிழில் சொன்னாள். அம்மா கேட்டுவிட்டுச் சொன்னார்:

"மனோரமாவுக்கும் முதல்ல இப்பிடித்தான். கொமெடி வேண்டாம் எண்டுதான் நிண்டவ."

"ஆர் மனோரமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆயிரத்துக்கும் மேல் படம் நடித்த ஒரு மனுஷியின் பெயர் என் வீட்டில் ஒரு தலைமுறையிலேயே காணாமல் போயிருக்கிறது. தப்பு என்னுடையதுதான். நான் காட்டவே இல்லை.

'ஆச்சி எண்டா அம்மம்மாதானே?'

சந்தை மூலையில் கோப்பியும் சூடான சோளமும் வாங்கிக்கொண்டு வாங்கில் உட்கார்ந்தோம். அம்மா சொல்லச் சொல்ல, நான் இடையில் வருஷங்களைச் சேர்த்தேன்.

மனோரமாவின் இயற்பெயர் கோபிசாந்தா. 1937 மே 26இல் மன்னார்குடியில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா வேறு கலியாணம் செய்துகொண்டார். அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செட்டிநாட்டில் காரைக்குடிக்குப் பக்கத்திலுள்ள பள்ளத்தூருக்குப் போய், வீட்டு வேலை செய்து வளர்த்தார். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் பிள்ளையின் படிப்பு நின்றது. சிறுமியும் வீட்டு வேலைக்குப் போனாள்.

"ஆச்சி எண்டா அம்மம்மாதானே? ஏன் அவவை ஆச்சி எண்டினம்?" என்று மகள் கேட்டாள். நல்ல கேள்வி. யாழ்ப்பாணத்தில் ஆச்சி என்றால் பாட்டி. செட்டிநாட்டில் பெண்களை மரியாதையாகக் கூப்பிடுகிற சொல் அது. அங்கே வளர்ந்தவரின் பேச்சில் அந்த மண் ஒட்டிக்கொண்டது. சினிமாக்காரர்கள் ஆச்சி என்று கூப்பிடத் தொடங்க, ஊரே கூப்பிட்டது. வேலைக்குப் போன வீடுகளில் அவர் மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கக்கூடிய ஒரு மரியாதைச் சொல், கடைசியில் அவருக்கே பெயராக நின்றது.

பன்னிரண்டு வயதில் மேடை. பக்கத்தில் நடந்த 'அந்தமான் காதலி' நாடகத்தில் சின்ன வாய்ப்பு. பாடவும் வரும், கேட்ட வசனம் அப்படியே மனதில் நிற்கவும் செய்யும் என்று தெரிந்ததும் நாடகக்காரர்கள் விடவில்லை. மனோரமா என்ற பெயரும் நாடகக்காரர்கள் வைத்ததுதான். பிறகு வைரம் நாடக சபா, அதன் பிறகு எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடகக் குழு. கருணாநிதி எழுதிய 'மணிமகுடம்' போன்ற நாடகங்களில் அவர் கதாநாயகி. கவனியுங்கள், கதாநாயகி.

கவிஞர் கொடுத்த பாத்திரம்

1958இல் கண்ணதாசன் 'மாலையிட்ட மங்கை' படத்தைத் தயாரித்தார். அதில் மனோரமாவுக்குக் கொடுத்தது நகைச்சுவைப் பாத்திரம். மேடையில் நாயகியாக நின்றவருக்கு அது இறக்கம் மாதிரித்தான் தெரிந்திருக்கும். அவர் தயங்கினார். கதாநாயகியாக வந்தால் சில வருஷம்தான் நிற்கலாம், நகைச்சுவை என்றால் நீண்ட காலம் நிற்கலாம் என்ற அர்த்தத்தில் கவிஞர் எடுத்துச் சொன்னதைப் பின்னாளில் அவரே நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

கவிஞர் கணக்குச் சரியாகத்தான் போட்டார். 1963இல் 'கொஞ்சும் குமரி'யில் மனோரமா கதாநாயகியாகவும் நடித்தார். ஆனால் அந்த வழியில் அவர் நிற்கவில்லை. நாகேஷோடு, சோவோடு, தேங்காய் சீனிவாசனோடு ஜோடி சேர்ந்தார். அவர்களுடைய பேரன் வயது நடிகர்களுக்குப் பாட்டியாகவும் நடித்தார். 1985இல் ஆயிரம் படங்களைத் தாண்டியவர் என்று கின்னஸ் புத்தகத்தில் பெயர் வந்தது. 2015 ஒக்டோபர் 10இல் சென்னையில் மறைந்தபோது எண்ணிக்கை ஆயிரத்து ஐந்நூறு என்று எழுதினார்கள்.

மேடையில் அண்ணாவோடும் கருணாநிதியோடும், திரையில் எம்.ஜி.ஆர், ஜெயலலிதா, என்.டி.ராமாராவோடும் நடித்தவர். ஐந்து முதலமைச்சர்கள். "அஞ்சு பேரும் அவவைப் பாத்துச் சிரிச்சிருப்பினம்" என்றார் அம்மா.

1968, இரண்டு ஊர்கள்

அன்றிரவு 'தில்லானா மோகனாம்பாள்' போட்டோம். 1968 ஜூலையில் வந்த படம். கொத்தமங்கலம் சுப்புவின் தொடர்கதையை ஏ.பி.நாகராஜன் எடுத்தது. சிவாஜி, பத்மினி, பாலையா, நாகேஷ் என்று மலைகள் நிற்கிற படம். அதில் ஜில் ஜில் ரமாமணி என்ற நாடகக்காரியாக மனோரமா கொஞ்ச நேரம்தான் வருகிறார். நாதஸ்வர மேதையான சிவாஜியிடம், இந்தச் சத்தம் உங்கள் குழலில் மட்டும்தான் வருமா, எல்லாக் குழலிலும் வருமா என்கிற மாதிரி ஒரு வெகுளிக் கேள்வி கேட்பார். சபை சிரிக்கும். நானும் சின்ன வயதில் சிரித்திருக்கிறேன். என் மகள் சிரித்துவிட்டுச் சொன்னாள், "அது மொக்குக் கேள்வி இல்லையே. உண்மையான கேள்விதானே."

உண்மைதான். குழலில் இருக்கிறதா, ஊதுகிறவனிடம் இருக்கிறதா என்பதைத்தான் ரமாமணி கேட்கிறாள். அவள் தேர்ந்த சங்கீதம் தெரியாதவள். ஆனால் ஒரு கலைஞரைப் பார்த்தவுடன் தெரிந்துகொள்கிற கலைஞர். சிரிப்புக்குள்ளே அந்த மரியாதையை வைத்துக் கொடுத்ததுதான் மனோரமாவின் வேலை.

அதே 1968இல் 'பொம்மலாட்டம்' படத்தில் சென்னைத் தெருப்பேச்சில் ஒரு பாட்டைத் தன் சொந்தக் குரலிலேயே பாடினார். மேடையில் சுத்தத் தமிழ் வசனம் பேசி வளர்ந்தவர், ரிக்‌ஷாக்காரர் பேசுகிற தமிழை எடுத்துக்கொண்டார். ஊரே பாடியது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 'தில்லானா' வந்து ஒரு மாதம் கழித்து, 1968 ஓகஸ்ட் 28இல், நாம் வாழும் மொன்றியலில் ரிதோ வேர் என்ற அரங்கில் ஒரு நாடகம் மேடையேறியது. மிஷெல் த்ராம்ப்ளே எழுதிய 'லே பெல் சேர்'. நம்ம ஊர்ப் பேச்சில் சொன்னால் 'மச்சாள்மார்'. ஒரு குசினியில் பதினைந்து பெண்கள். அவர்கள் பேசியது பாடப்புத்தக பிரெஞ்சு இல்லை. கிழக்கு மொன்றியல் தொழிலாளர் வீடுகளில் பேசுகிற 'ஜுவால்'. இதையெல்லாம் மேடையில் பேசுவதா என்று பெரிய சண்டையே நடந்தது. அதில் ரோஸ் உவிமே என்ற பாத்திரத்தில் நடித்தவர் தெனீஸ் ஃபிலியாத்ரோ. இரவு விடுதி மேடைகளில் சிரிக்க வைத்து வளர்ந்தவர். தொலைக்காட்சியில் 'முவா ஏ லோத்ர்' தொடரால் கெபெக் முழுக்க வீட்டுப் பெயரானவர். சிரிக்க வைத்துக்கொண்டே வரும் ரோஸ், கடைசியில் தன் வாழ்க்கையின் கசப்பைக் கொட்டும்போது அரங்கம் அமைதியாகிவிடும்.

சென்னையில் ஒருத்தி, மொன்றியலில் ஒருத்தி. ஒரே வருஷம். இரண்டு பேரும் 'இது மேடைக்கு ஆகாத பேச்சு' என்று ஒதுக்கிவைத்ததைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். மகளுக்கு இதைச் சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்தாள். த்ராம்ப்ளேயின் பெயர் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் கேட்ட பெயர். அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஆச்சியையும் வைக்கலாம் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

வேலைக்காரி கண்ணம்மா

மறுநாள் 'சம்சாரம் அது மின்சாரம்' (1986). விசு எழுதி இயக்கிய ஏவி.எம் படம். காசுக் கணக்கில் அப்பாவும் மூத்த மகனும் மோதி, வீட்டின் நடுவே கோடு போட்டுப் பிரிகிற கதை. அந்த வீட்டு வேலைக்காரி கண்ணம்மாவாக மனோரமா. கிஷ்மூவோடு வாய்க்குவாய் மோதுகிற காட்சியை எங்கள் வீட்டில் அம்மா இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்லுவார்.

இந்த முறை நான் பார்த்தது வேறு. கண்ணம்மா கதவோரம் நிற்கும் விதம், எந்த நேரத்தில் குரலை உயர்த்தலாம், எந்த நேரத்தில் அடக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும் விதம். பதினொரு, பன்னிரண்டு வயதில் உண்மையாகவே அடுத்தவர் வீட்டில் வேலை செய்த பிள்ளை அந்த உடம்புக்குள் இருக்கிறாள். அவர் வேலைக்காரியைப் பார்த்து நக்கல் அடிக்கவில்லை. கண்ணம்மா பக்கம் நின்றுகொண்டு, மற்றவர்களைப் பார்த்துச் சிரிக்கிறார்.

'நடிகன்' (1990) இன்னொரு மாதிரி. வயதான வேஷம் போட்டு வருகிற சத்யராஜைக் காதலிக்கிற, கலியாணம் ஆகாத மூத்த பெண். வயிறு வலிக்கச் சிரிக்கலாம். ஆனால் அந்தப் பெண்ணுக்கு அது விளையாட்டில்லை என்பதை அவர் ஒரு நிமிஷமும் மறக்க விடுவதில்லை. 'சின்னக் கவுண்டர்' (1992) படத்தில் பல்லைத் துருத்திக்கொண்டு கொங்குப் பேச்சில் வருகிற ஆத்தா. 'இந்தியன்' (1996) படத்தில் செத்துப்போன கணவனுக்கு வர வேண்டிய காசுக்காக அலுவலகப் படி ஏறி இறங்குகிற குப்பம்மா. 'புதிய பாதை'க்காக 1989ஆம் ஆண்டுக்கான துணை நடிகை தேசிய விருது. 2002இல் பத்மஸ்ரீ.

மகள் ஒரு விஷயத்தைக் கவனித்தாள். பிரெஞ்சில் 'கொமேதியென்' என்றால் சிரிப்பு நடிகை என்று மட்டும் அர்த்தமில்லை. எந்த நடிகைக்கும் அந்தச் சொல்தான். சிரிக்க வைக்கிறவளும் அழ வைக்கிறவளும் ஒரே சொல்லுக்குள். "அப்ப ஆச்சி உண்மையா கொமேதியென்" என்றாள்.

எல்லாமே கொண்டாட வேண்டியவை என்று நான் சொல்லவில்லை. அந்தக் காலப் படங்களில் நிறத்தை, பல்லை, உடம்பைச் சொல்லிச் சிரிக்கிற வசனங்கள் நிறைய. மனோரமாவே பல இடங்களில் அதற்கு இலக்காகிறார். அவருக்குக் கொடுத்த பாத்திரங்களில் எத்தனையோ அவர் திறமைக்கு எட்டாதவை. பிள்ளைகளோடு பார்க்கும்போது ரிமோட்டை அழுத்தி நிறுத்தி, "இதுக்குச் சிரிக்கலாமோ?" என்று கேட்பதில் தப்பில்லை. என் மகள் காரில் கேட்டதும் அந்தக் கேள்வியைத்தானே.

அம்மாவுக்குத் தெரிந்திருந்தது

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் சந்தை. நான் அம்மாவிடம் நேராகவே சொன்னேன், சின்ன வயதில் வெட்கப்பட்டு ஐந்து அடி பின்னால் நடந்ததை. இத்தனை வருஷம் சொல்லாததைக் கரட் கடைக்கு முன்னால் நின்று சொன்னேன்.

அம்மா கரட்டை முறித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தெரியும் பிள்ளை. அதுக்குத்தான் நான் கெதியா நடக்கிறேல்ல."

எனக்குத் தொண்டை அடைத்தது. மகள்தான் கேட்டாள், "அம்மம்மா, அவை சிரிக்கேக்க உங்களுக்குக் கோவம் வரேல்லையோ?"

"ஏன் வரும்? சிரிச்சால் விலையைக் குறைப்பினம். நான் சிரிக்க வைக்கத்தானே அப்பிடிச் செய்யிறது. சும்மா சிரிக்கிறவனும் இருக்கிறான். அவன்ர கடைக்கு நான் திரும்பப் போறேல்ல."

நெஞ்சில் கை வைத்துப் பின்னால் சாய்ந்தது, விரல் காட்டியது எல்லாம் பிரெஞ்சு வராததால் மட்டும் இல்லை. அம்மா முப்பது வருஷமாக இந்தச் சந்தையில் மேடையேறிக்கொண்டிருந்திருக்கிறார். எந்தச் சிரிப்பு தான் வரவைத்தது, எந்தச் சிரிப்பு தன் மேல் விழுந்தது என்ற வித்தியாசமும் அவருக்குத் தெரிந்திருந்தது. நான்தான் பின்னால் நின்று தப்பாகப் பார்த்திருக்கிறேன்.

மகள் பாத்திரத்தை விடவில்லை. ஆசிரியையிடம் போய் இரண்டு விஷயம் கேட்டாள். ஒன்று, அக்ஸெண்டை யாரோ எழுதிக் கொடுத்த மாதிரிப் பேசாமல், தன் அம்மம்மா பேசுகிற மாதிரிப் பேசலாமா? இரண்டு, அந்தக் காய்கறிக்காரிக்குக் கடைசியில் சிரிப்பில்லாத ஒரு வசனமாவது வேண்டும். முதலாவதற்கு உடனே சரி என்றாராம். இரண்டாவதற்கு, "நீயே எழுதிக்கொண்டு வா" என்றாராம். இன்னும் எழுதி முடிக்கவில்லை. எழுதுகிறாள், கிழிக்கிறாள். நாடகம் டிசம்பரில். அன்று அந்த அரங்கில் யார் எதற்குச் சிரிப்பார்கள் என்று எனக்கு இன்னும் பயம் இருக்கிறது. ஆனால் முதல் வரிசையில் அம்மாவுக்கு ஒரு இருக்கை கேட்டிருக்கிறோம்.

பிள்ளைகளோடு பார்க்க

ஆச்சி மறைந்த ஒக்டோபர் 10ஐ ஒட்டி ஒரு வார இறுதியில் தொடங்கலாம். எங்கள் அனுபவத்தில்:

• சின்னப் பிள்ளைகளுக்கு 'தில்லானா மோகனாம்பாள்'. நீளமான படம். முழுதும் உட்கார வைக்க வேண்டாம், ஜில் ஜில் ரமாமணி வருகிற பகுதியிலிருந்து தொடங்குங்கள்.

• பத்து வயதுக்கு மேல் 'சம்சாரம் அது மின்சாரம்', 'நடிகன்'. இரண்டிலும் இடையிடையே பேச வேண்டிய விஷயங்கள் வரும்.

• பதின்ம வயதினரோடு 'இந்தியன்'. வன்முறை உண்டு. குப்பம்மாவின் அலுவலகக் காட்சிகள், குடிவரவு அலுவலகத்தில் வரிசையில் நின்ற நம் பெற்றோரின் கதைகளைக் கிளப்பிவிடும்.

• 'புதிய பாதை'யை முதலில் நீங்கள் மட்டும் பாருங்கள். பாலியல் வன்முறையில் தொடங்குகிற கதை.

அம்மம்மா, அப்பம்மா யாராவது பக்கத்தில் இருந்தால் அவர்களையும் உட்கார வையுங்கள். படத்தை விட அவர்கள் இடையில் சொல்லுகிற கதைதான் நீளமாக இருக்கும். எங்கள் வீட்டில் 'தில்லானா'வைப் பார்த்து முடிக்க நான்கரை மணித்தியாலம் ஆனது.